ஏழு சங்கஞ்செடிகளும் என் பழைய மஞ்சள் புடவையும்

என் மகள் நிவேதாவைக் காட்டுமாடு முட்டித் தூக்கிப் போட்டபோது, அவள் ஒரு மொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கண்ணில் லென்ஸ், ஒரு கையில் மரமஞ்சள் கிளை. டன் கணக்கில் எடையுள்ள ஒரு மிருகம் பத்தடி தள்ளி நின்று பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்கவில்லையாம். "மொட்டு மேல எத்தனை செதில்னு எண்ணிட்டிருந்தேம்மா" என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவள். நாய் குறுக்கே வருவதுபோல எங்கள் ஊரில் காட்டுமாடு குறுக்கே வரும். அதை எண்ணாமல் செதிலை எண்ணியிருக்கிறாள்.

காறை எலும்பு முறிந்தது. நான்கு மாதத்தில் கூடிவிட்டது. எனக்குத்தான் எதுவோ இன்னும் கூடவில்லை. நான் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்தில் யாராவது பார்சலைத் தொப்பென்று போட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆகவே, மிச்சமிருக்கும் மொட்டுகளை வெட்டிவர ராமநாதபுரம் போகவேண்டும் என்று அவள் சொன்ன அன்றே நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளால் இடது கையில் பை தூக்க முடியாது என்பது வெளியே சொன்ன காரணம்.

அவளுடைய ஆராய்ச்சியை என்னால் இந்த அளவுக்குச் சொல்ல முடியும். எங்கள் மலையில் ஊசிக்களா என்று ஒரு முட்புதர் உண்டு. மரமஞ்சள் வகை. அதில் முள்ளாக நிற்பதே உண்மையில் ஓர் இலைதான். இலை உதிர்ந்தாலும் அதன் அடிப்பகுதி தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அடிப்பகுதியும் மொட்டைப் போர்த்தியிருக்கும் செதில்களும் அண்ணன் தம்பியா, அல்லது பக்கத்து வீட்டுக்காரர்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, குளிரே தெரியாத ஒரு முட்புதர் வேண்டும். அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது ராமநாதபுரம் கடற்கரையின் சங்கஞ்செடி. கணுவுக்கு நான்கு முள். மொட்டுக்குச் செதில் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மலையில் மொட்டு கம்பளி போர்த்திக்கொண்டிருக்கிறது, கடற்கரையில் சட்டையில்லாமல் நான்கு அடியாட்களோடு நிற்கிறது.

போன வருடம் பன்னிரண்டு செடிகளுக்கு அடையாளம் கட்டி, மொட்டு எடுத்துப் போனாள். இந்த வருடம் முதல் மழைக்குப் பின் அதே செடிகளிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். குறைந்தது ஆறு செடி இருந்தால்தான் அந்த அத்தியாயம் நிற்கும். மழை பெய்து எட்டு நாள் ஆகிவிட்டது. மொட்டு விரிந்துவிட்டால் வெட்ட ஒன்றுமிருக்காது. அடுத்த மழைக்குக் காத்திருக்க உதவித்தொகையும் இல்லை, அவளுடைய பேராசிரியருக்குப் பொறுமையும் இல்லை.

முதல் நாள் ராமநாதபுரத்தில் இறங்கியதும் நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அடுத்து எதைக் கழற்றலாம் என்று யோசிக்க வைக்கும் வெயில். லாட்ஜ் மின்விசிறி சூடான காற்றை எடுத்து, இன்னும் கொஞ்சம் சூடாக்கி, எங்களிடமே திருப்பிக் கொடுத்தது. சாப்பாட்டுக் கடையில் நான் தயிர் சாதம் கேட்டபோது பரிமாறுகிறவர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உடம்புக்கு முடியலையாம்மா?"

"இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப விளமீன் வறுவல் இருக்கு, சாப்பிடுங்க" என்று என்னைக் கேட்காமலே வைத்துவிட்டுப் போனார். முண்டு வத்தல் மிளகாய் அரைத்துப் பூசிய மீன். கண்ணீர் வழிய இரண்டு துண்டு சாப்பிட்டேன். காட்டுமாட்டுச் சம்பவத்துக்குப் பிறகு வேறு காரணத்துக்காக நான் அழுதது அன்றுதான்.

இரண்டாம் நாளை வீணடித்தது நான். நிவேதா பிளேடு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநரிடம், "கடற்கரைப் பக்கம் போகுமா?" என்று கேட்டேன். மலைக்காரிக்கு அது சரியான கேள்வி. எங்கள் ஊரில் மலைக்குப் போகுமா என்று கேட்டால் ஒரு வண்டிதான் இருக்கும்.

"கடல் மேலயே போகும், ஏறுங்க" என்றார்.

பிளேடோடு ஓடிவந்த நிவேதாவை, பலகையைப் படிக்க விடாமல் இழுத்துக்கொண்டு ஏறினேன். உச்சிப்புளியில் கடற்படை ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனபோது அண்ணாந்து பார்த்து ரசித்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். நடத்துநர் பொய் சொல்லவில்லை. பாம்பன் பாலம் முடியும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த வடநாட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நிவேதா மொழிபெயர்த்தாள்: "பாலத்தைப் பார்க்காதே, கடலைப் பார்னு சொல்றாங்க. நீதான் ரெண்டையுமே பார்க்கலையே."

ராமேஸ்வரத்தில் காய்ந்த உடையோடு இருந்தது நாங்கள் இருவர்தான். மற்ற எல்லோரும் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்து, சொட்டச் சொட்ட நடந்துகொண்டிருந்தார்கள். டீக்கடை வாசலில் ஓர் ஈரத் தம்பதி இந்தியில் வாதாடினார்கள். நிவேதா என் காதில் அதையும் தமிழாக்கினாள். மனைவி: "எல்லாப் பாவமும் போயிற்று. இப்போதாவது உன் அண்ணனுக்குப் போன் போடு." கணவன்: "முதலில் ஈரம் காயட்டும்."

திரும்பி வரும் வழி முழுக்க நிவேதா மணியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் திருப்புல்லாணியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். போகவேண்டிய இடத்தை நிவேதா விளக்கினாள். ஊரைத் தாண்டி, கண்மாய்க் கரை முடியும் இடம், கடலுக்கு முன்னால் உள்ள பொட்டல்.

"மஞ்சத்துணிக் கோயிலுக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"அங்க கோயில் எதுவும் இல்லையே. நான் போன வருஷம் வந்தேன்."

"போன வருசம் இல்ல. இப்ப இருக்கு."

போய் இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது இல்லாத ஐந்து செடிகள். இறால் பண்ணைக்குப் புதிதாகப் பாதை போட்டிருந்தார்கள். ஜேசிபி வழித்துக்கொண்டு போன மண்ணில், நிவேதா கட்டிய சிவப்பு பிளாஸ்டிக் நாடா ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்து மண்ணைத் துடைத்தாள்.

பாதை நேராக வந்து, ஓரிடத்தில் சட்டென்று வளைந்து, மறுபடி நேராகியிருந்தது. அந்த வளைவுக்குள் ஏழு சங்கஞ்செடிகள் பத்திரமாக நின்றன. மஞ்சள் துணி, சிவப்புத் துணி, வேப்பிலை, மணி, வளையல், துணியில் கட்டிய குட்டித் தொட்டில் ஒன்று. ஒவ்வொரு செடிக்கும் அடியில் மஞ்சள் குங்குமம் அப்பிய கல்.

நான் அருகே போய்ப் பார்த்தேன். எல்லாத் துணிக்கும் அடியில், வெயிலில் வெளுத்துப்போன ஒரு மஞ்சள் துணி. ஓரத்தில் பச்சைக் கரை. எட்டு வருடம் அதைக் கட்டிக்கொண்டு நான் வேலைக்குப் போயிருக்கிறேன்.

"நிவேதா, இது என் காட்டன் புடவை."

"போன வருஷம் இதை மைக்ராஸ்கோப்பைச் சுத்தி எடுத்துட்டு வந்தேன்ல. நாடா அஞ்சு செடியோட தீந்துருச்சு. மிச்சம் ஏழுக்கு இதைக் கிழிச்சுக் கட்டினேன்."

பிளாஸ்டிக் நாடா கட்டிய செடியை யாரும் மதிக்கவில்லை. மஞ்சள் துணி கட்டிய செடி என்றால் யாரோ எதற்கோ வேண்டிக்கொண்டு கட்டியது. அதன்மேல் ஜேசிபி விட அந்த ஓட்டுநருக்கு மனம் வரவில்லை. பாதையை வளைத்துவிட்டார். அவர் வளைத்ததைப் பார்த்ததும் ஊருக்குச் செடியின் சக்தி புரிந்துவிட்டது. என் புடவையைக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நிவேதாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஆறு போதும், ஏழு இருக்கிறது. பையைத் திறந்து பிளேடை எடுத்தாள்.

"பாப்பா, அங்கன கைய வைக்காதே."

பின்னால் கருவேல விறகுக் கட்டோடு ஒரு பெண். என் வயது இருக்கும். கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து செடிக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றாள். பெயர் ராக்கு. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் நெல் வயல்களுக்கு நடுவே பிறந்து, இந்த உப்புப் பொட்டலுக்கு வாழ்க்கைப்பட்டவள். கூலி வேலைக்குப் போவாள், வேலை இல்லாத நாளில் விறகு வெட்டுவாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி விளக்கு வைப்பது அவள்தான்.

நிவேதா பொறுமையாக விளக்கினாள். தான் ஆராய்ச்சி மாணவி, போன வருடம் அடையாளம் வைத்த செடிகள், மிளகு அளவு மொட்டுகள்தான் வேண்டும், செடிக்கு ஒன்றும் ஆகாது.

"ஒன்னும் ஆகாதுதேன்" என்றாள் ராக்கு. "ஆனா எம் மகளுக்கு இது மாசம். ஆறு வருசமாப் பிள்ளை இல்லாம இருந்து, இங்கன தொட்டில் கட்டித்தேன் நின்னுச்சு. பெத்து எந்திரிக்கிற வரைக்கும் ஒரு இலை கிள்ள விடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ஆத்தாகிட்டதேன்."

அந்த ஆத்தா என் புடவை என்று சொல்ல வாயெடுத்தேன். நிவேதா என் காலை மிதித்தாள்.

மேற்கொண்டு பேச்சு நகரவில்லை. ஆனால் வெயிலில் நின்ற எங்களை அப்படியே விட ராக்குவுக்கு மனமில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போனாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். முதல் உருண்டைக்கு முன்பு மூச்சை அடக்கிக்கொண்டேன். மூன்றாவது தட்டில் அடக்கவில்லை. மகள் செல்வி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெரிய வயிறு. கால் வீங்கியிருந்தது.

"திருப்புல்லாணிக் கோயில்ல பிள்ளை வரத்துக்குப் பாயசமும் குடிச்சோம்ல. அத ஏன் சொல்லமாட்டேங்கிற?" என்றாள் செல்வி தாயிடம்.

"அதுவும் குடிச்சோம், இதுவும் கட்டினோம். யாரு கொடுத்தாகன்னு எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

"ஒரு நேரத்துக்கு ஒன்னுதான் செஞ்சு பார்த்திருக்கணும்" என்றாள் நிவேதா. ஆராய்ச்சி முறை பற்றி அவள் தொடங்குமுன் நான் காலை மிதித்தேன். கணக்கு நேரானது.

"ஆறு வருசம் காத்துக் கெடந்தவ ஒன்னொன்னாச் செஞ்சு பாப்பாளா பாப்பா" என்று செல்வி சிரித்தாள். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதுதான் பின்னால் வினையானது.

கிளம்பும்போது ராக்குவே ஒரு வழி சொன்னாள். "காலையில வாங்க. பூக்கட்டிப் போட்டுப் பாப்போம். வெள்ளை வந்தா எடுத்துக்கங்க. சிவப்பு வந்தா ஊருக்குப் போங்க."

நான்காம் நாள் காலையில் நிவேதா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நான்கு செடிகளில் மொட்டு விரியத் தொடங்கியிருந்தது. "நாளைக்கு இருக்காது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் வலது கையால் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த எலும்பையும் சேர்த்து மூன்று வருடம் அவள் இதற்குக் கொடுத்திருக்கிறாள்.

ராக்கு வெள்ளரளியும் செவ்வரளியும் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் தனித்தனிப் பூவரசு இலையில் மடித்து நாரால் கட்ட வேண்டும். யார் கட்டுவது?

"நீங்க கட்டுங்கக்கா" என்று என்னிடம் நீட்டினாள். "போஸ்டாபீஸ்காரக. அடுத்தவுக கவரப் பிரிச்சுப் பாக்காதவுக."

நான் எல்லோருக்கும் முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். இருபத்தாறு வருட அரசுப் பணியில் ஒரு தபால்தலை திருடியதில்லை. இரண்டு இலையிலும் வெள்ளரளியை வைத்தேன். செவ்வரளியைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

தாயோடு மெல்ல நடந்து வந்திருந்த செல்விதான் எடுத்தாள். மூச்சு வாங்கக் குனிந்து, கொஞ்சம் யோசித்து, இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. ராக்கு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா சரின்னுருச்சு. எடுத்துக்க பாப்பா." இன்னொரு பொட்டலத்தை நான் அவசரமாகப் பைக்குள் திணித்தேன்.

நிவேதா ஆறு செடிகளில் மொட்டு வெட்டினாள். அவள் வேலை செய்வதை நான் அதுவரை அருகிலிருந்து பார்த்ததில்லை. இலையின் அடியைப் பிளேடு தொடும் இடத்தில் மூச்சைப் பிடித்து, ஒரு மொட்டைக்கூட நசுக்காமல் எடுத்து, கெடாமலிருக்கச் சாராயம் ஊற்றிய பாட்டிலில் போட்டாள். சின்னச் சின்னதாக ஆறு பாட்டில்கள். ஒவ்வொரு செடியை விட்டு நகரும்போதும், விலக்கிய துணியை இருந்த இடத்திலேயே சரிசெய்துவிட்டு நகர்ந்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். செல்வியின் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டுமாட்டுச் சம்பவத்தன்று காலையில் நிவேதாவோடு ஒரு சின்ன விஷயத்துக்குச் சண்டை போட்டிருந்தேன். அதனால்தான் அப்படி நடந்தது என்று நான்கு மாதமாக எனக்குள் ஒரு கணக்கு. அது முட்டாள்தனம் என்று தெரியும். தெரிந்தாலும் இப்போது புதிதாக ஒரு கணக்கு எழுதப்பட்டுவிட்டது. இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் நான்தான் காரணம். பழைய புடவையால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். ஜேசிபியை வளைத்த புடவை அது என்று உள்ளிருந்து பதில் வந்தது.

ராக்கு பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தாள். மிச்சப் பூ முந்தானையில் முடிந்திருந்தது. வண்டி தூரத்தில் தெரிந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது.

"ராக்கு, நான் ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நிவேதா வானத்தைப் பார்த்தாள்.

"எம் மக கையால எடுக்க வச்சீகளேக்கா" என்றாள் ராக்கு. அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்தாள். ஓரத்துப் பூவரசில் இரண்டு இலை கிள்ளினாள். எல்லோரும் பார்க்க, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்து மடித்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றிக் கலைத்தாள். அதற்குள் வண்டி வந்து நின்றது.

"அண்ணே, ஒரு பொட்டலம் எடுங்க" என்று நடத்துநரிடம் நீட்டினாள்.

"என்னது, பொங்கலா?"

"பூக்கட்டிருக்கு. எடுங்க."

நடத்துநர் உடனே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "செருப்போட எடுக்கலாமா?" என்று கேட்டார். கழற்றினார். ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார். "ஏலே, வலது கையால எடுரா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். சன்னல்களில் எல்லாம் தலைகள்.

சிவப்பு.

நிவேதா பையைத் திறந்தாள். வாதாடுவாள் என்று நினைத்தேன். அவள் ஆறு பாட்டில்களையும் எடுத்து ராக்குவின் மடிக்கு அருகில் வரிசையாக வைத்தாள். "மன்னிச்சுருங்கக்கா" என்றாள்.

ராக்கு ஒரு பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்த்தாள். உள்ளே மொட்டுகள் மெல்ல அடியில் இறங்கின.

"இத வச்சு நா என்ன செய்ய? திரும்பி ஒட்டவா முடியும்?"

"முடியாதுக்கா."

"இதுக்கா இந்தக் கைய ஒடிச்சுக்கிட்ட? உங்கம்மா நேத்துச் சொன்னாக."

"ஆமாக்கா."

ராக்கு பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு, "மூணு தடவ போட்டாத்தேன் கணக்கு" என்றாள். இந்த முறை எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டு கட்டினாள். நடத்துநர் ஒரு சன்னலில் இருந்து வந்த ஆலோசனையின்படி கிழக்கே பார்த்து நின்று எடுத்தார்.

வெள்ளை. வண்டிக்குள் யாரோ கைதட்டினார்கள். "ஏறுங்க, பத்து நிமிசம் லேட்டு" என்று நடத்துநர் செருப்பைத் தேடினார். பாட்டில்களை ராக்குவே எடுத்துப் பைக்குள் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், என் போன் நம்பரைக் கேட்டு வாங்கி, ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள்.

திருப்புல்லாணி தாண்டிய பிறகு நிவேதா பேசினாள். "கடைசியில அவங்களும் ரெண்டுலயும் வெள்ளைதாம்மா கட்டினாங்க. சிவப்பு கையில இருந்தது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீ காலையில எப்படி உட்கார்ந்தியோ அப்படியேதான் உட்கார்ந்தாங்க."

"காலையிலேயே தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மொட்டு வேணுமேம்மா" என்றாள்.

கோத்தகிரிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. சங்கஞ்செடி மொட்டுகள் கண்ணாடித் துண்டுகளில் ஏறிவிட்டன. ஊசிக்களாவின் செதில் இலையடிக்குச் சொந்தம்தான் என்று தெரிகிறதாம். சங்கஞ்செடி பற்றி இன்னும் உறுதியில்லையாம். ஆய்வேட்டுக்குப் பேராசிரியர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. செல்விக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியாமல் நான் தினமும் போனைக் கையில் எடுத்துவிட்டு, கேட்கப் பயந்து கீழே வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ராக்குவே கூப்பிட்டாள். நான் கவுண்ட்டரை விட்டு எழுந்து வெளியே ஓடினேன்.

"அக்கா, பாப்பா பாசாயிருச்சா?"

"இன்னும் எழுதி முடிக்கலை ராக்கு. செல்வி?"

"வலி வந்துருச்சுக்கா. உள்ள கொண்டுபோயிட்டாக. நா வெளியதேன் நிக்கிறேன்."

பின்னணியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கவுண்ட்டரில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.